பிள்ளையார் ஆடியது அழுகுணி ஆட்டமா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. நல்ல குணங்கள் வரட்டும் என்று தினமும் இரவு ஒரு புராணக் கதை சொல்கிறேன். ஞானப்பழக் கதையைச் சொல்லி, ‘அப்பா அம்மாதான் உலகம், புரிந்ததா?’ என்று முடித்தேன். ‘முருகன்தானே நிஜமா சுத்தி வந்தார்? பிள்ளையார் அழுகுணி ஆட்டம் ஆடிட்டார்’ என்கிறான். என்ன பதில் சொல்வது?

பதில்: முதலில், அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளுங்கள். மயிலேறி உலகத்தையே சுற்றி வந்தவனுக்குப் பழம் இல்லை என்றால் எந்தப் பிள்ளைக்கும் வலிக்கத்தான் செய்யும். அந்த வலியை ‘அப்படியெல்லாம் பேசக் கூடாது’ என்று அடக்கிவிட்டால், கதை கொடுக்க வந்ததையே தடுத்துவிடுகிறோம்.

பெரும்பாலும் நாம் பிள்ளையார் பழம் வாங்கிய இடத்திலேயே கதையை நிறுத்திவிடுகிறோம். கதை அங்கே முடியவில்லையே! முருகன் கோபித்துக்கொண்டு மலைக்குப் போகிறான். பெற்றவர்கள் பின்னாலேயே போய், ‘பழம் நீ’ என்று சமாதானம் சொல்கிறார்கள். பழனி என்ற பெயருக்கு வழங்கும் கதையே அதுதான். கோபித்துக்கொண்ட பிள்ளையை யாரும் ‘கெட்ட பிள்ளை’ என்று சொல்லவில்லை. அவன் நின்ற மலைக்குத்தான் தைப்பூசத்துக்கு இன்றும் காவடி எடுத்து நடந்து போகிறார்கள். இந்தப் பாதியையும் மகனுக்குச் சொல்லுங்கள். புத்திசாலித்தனமும் உழைப்பும் மோதும்போது தோற்றவரை எப்படி நடத்துவது என்பது, ‘அப்பா அம்மாதான் உலகம்’ என்பதைவிட அவனுக்கு நாளைக்கே பள்ளி மைதானத்தில் உதவும்.

இன்னொரு கேள்வியும் சீக்கிரம் வரும், தயாராக இருங்கள். ராமன் அப்பாவின் சொல்லைக் காப்பாற்றக் காட்டுக்குப் போனான், நல்லவன். பிரகலாதன் அப்பா பேச்சைக் கேட்கவே இல்லை, அவனும் நல்லவன். அப்படியானால் அப்பா சொன்னால் கேட்கணுமா, வேண்டாமா? மழுப்பாதீர்கள். ராமன் விட்டுக்கொடுத்தது தன்னுடைய அரசை. பிரகலாதனிடம் கேட்டதோ, உண்மை என்று அவன் நம்பியதை மறுத்துப் பேசச் சொல்லி. இரண்டும் ஒன்றில்லை. பெரியவர்கள் தப்பானதைச் செய்யச் சொன்னால் ‘மாட்டேன்’ என்று சொல்லலாம், உடனே நம்மிடம் வந்து சொல்லலாம் என்பதை ஒரு குழந்தைக்குப் புரியவைக்க இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை. தூணிலிருந்து நரசிம்மர் வந்து வயிற்றைக் கிழிப்பதை மட்டும், பயப்படுகிற பிள்ளையாக இருந்தால், ஓரிரு வருடம் கழித்து விரிவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

தீபாவளிக் கதையிலும் அப்படித்தான். நரகாசுரன் ‘கெட்டவன்’ என்று சொன்னால் குழந்தைக்கு ஒன்றும் பிடிபடாது. அதிதியின் குண்டலங்களையும் வருணனின் குடையையும் பிடுங்கிக்கொண்டவன் என்று சொல்லிப் பாருங்கள். அடுத்தவன் குடையைப் பிடுங்குவது என்றால் என்ன என்று அவனுக்கு நன்றாகவே தெரியும்.

பண்டிகை நாட்களில் பேச்சைக் குறைத்து, கைக்கு வேலை கொடுங்கள். கொலுவில் ஒரு படியை அவனிடமே விட்டுவிடுங்கள். பொம்மை கோணலாக நின்றாலும் பரவாயில்லை, நாம் போய்த் திருத்த வேண்டாம். ஆயுத பூஜைக்கு அவன் சைக்கிளை அவனே துடைத்துக் குங்குமம் வைக்கட்டும். வீட்டில் வேலை செய்யும் அக்காவின் துடைப்பத்துக்கும் பொட்டு வைக்கச் சொல்லுங்கள். எந்த வேலையும் மட்டமில்லை என்று தனியாகப் பிரசங்கம் தேவைப்படாது.

பாட்டி வேறு மாதிரி சொன்னால் ‘அது தப்பு’ என்று குறுக்கிடாதீர்கள். பாலம் கட்ட உதவிய அணிலைத் தொண்டரடிப்பொடி ஆழ்வார் பாடியிருக்கிறார், வால்மீகி சொல்லவில்லை. அதனால் அணிலுக்கு என்ன குறைந்துவிட்டது?

ஒன்றை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள்: ‘பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்திடும்.’ நேற்றுப் பொய் சொன்னபோது கண் குத்தப்படவில்லை என்பதைக் குழந்தை கவனித்துவிடும். அதன் பிறகு சாமியையும் நம்பாது, நம்மையும் நம்பாது. ‘பிரகலாதனைப் பார், நீயும் இருக்கிறாயே’ என்ற ஒப்பீடும் இதே ரகம்தான்.

சரி, இன்றிரவு என்ன செய்யலாம்? பழக் கதையையே மறுபடி எடுங்கள். முருகன் திரும்பி வந்து இறங்கும் இடத்தில் நிறுத்தி, ‘பழம் உன் கையில் இருந்தால் யாருக்குக் கொடுப்பாய்?’ என்று கேளுங்கள். ‘வெட்டி ஆளுக்குப் பாதி’ என்பான், பெரும்பாலும் எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் சொல்வார்கள். அது வெட்டவே கூடாத பழம் என்று அப்போது சொல்லுங்கள். அவன் யோசிக்கட்டும், நீங்கள் விளக்கை அணைத்துவிடலாம்.