கியூ காய்ச்சலில் மஞ்சள் காமாலை வருமா?

மாட்டுப் பண்ணையில் வேலை செய்யும் உங்கள் தம்பிக்குப் பத்து நாளாகக் காய்ச்சல், இப்போது கண்ணும் மஞ்சளாகியிருக்கிறது, இது கால்நடைகளிடமிருந்து பரவும் கியூ காய்ச்சலாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் மஞ்சளை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. கியூ காய்ச்சலில் கல்லீரல் பாதிக்கப்படுவது சகஜம். கண் மஞ்சளாகும் அளவுக்கு அது போவது குறைவு. பெரும்பாலானவர்களுக்கு ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் ஏறியிருக்கும், அவ்வளவுதான்.

என் அண்ணனுக்கு அந்தக் குறைவான வகைதான் வாய்த்தது. முதலில் கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் இடிப்பது போன்ற தலைவலி, இரவில் படுக்கை நனையும் வியர்வை. எட்டாம் நாள் சிறுநீர் கரும்பழுப்பாக வந்தது. ஜன்னல் பக்கம் திருப்பிக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளை விழி எலுமிச்சைத் தோலின் நிறத்தில் இருந்தது. வைரஸ் காமாலைக்கான சோதனைகள் எல்லாம் எடுத்தார்கள், ஒன்றிலும் எதுவும் இல்லை. நான்கு நாள் அப்படியே போனது. அந்த நான்கு நாளை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

பிறகு வந்த மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: "சமீபத்தில் கால்நடை ஏதாவது ஈன்றதா?" இரண்டரை வாரத்துக்கு முன் ஓர் ஆட்டுக்குக் குட்டியின் தலை சிக்கிக்கொண்டது. அண்ணன்தான் வெறுங்கையால் இழுத்து எடுத்தான், நஞ்சுக்கொடியையும் அவனே அள்ளிப் புதைத்தான். நாங்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. காய்ச்சலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

கியூ காய்ச்சலை உண்டாக்கும் காக்ஸியெல்லா பர்னெட்டி என்ற பாக்டீரியா ஆடு, மாடுகளின் நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும் ஏராளமாக இருக்கும். காய்ந்து தூசியோடு கலந்து, மூச்சு வழியாக உள்ளே போகும். மிகச் சில கிருமிகளே போதும். கடி வேண்டாம், காயம் வேண்டாம். ஈன்ற தாய் ஆடு நோயே இல்லாதது போல் நிற்கும். 1937-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களிடம் கண்ட இந்த நோயை விவரித்து எழுதிய டெரிக் என்ற மருத்துவர், காரணம் புரியாததால் கேள்வி என்ற பொருளில்தான் 'கியூ' என்று பெயர் வைத்தார்.

அண்ணனுக்குச் சந்தேகத்தின் பேரிலேயே டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைத் தொடங்கினார்கள், நாளுக்கு இரண்டு வேளை, 14 நாள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மஞ்சள் வடிய இன்னும் நாளானது. முதல் ரத்தத்தில், கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து எடுத்ததில்தான் உறுதியானது. ஆகவே முதல் சோதனையில் 'இல்லை' என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. கால்நடையோடு பழகுபவருக்குக் காய்ச்சலும் காமாலையும் சேர்ந்து வந்தால் எலிக்காய்ச்சலுக்கு வாய்ப்பு அதிகம், அது வேகமாக முற்றும். மலேரியாவையும் பார்க்க வேண்டும். இவற்றை வீட்டிலிருந்தபடி பிரித்தறிய முடியாது. தம்பியை இன்றே அழைத்துப் போங்கள். பண்ணையில் எந்த மாடு எப்போது ஈன்றது, கன்று வீசியது (கருச்சிதைவு) உண்டா, அவர் கை வைத்தாரா என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். இதய வால்வில் பழைய கோளாறு இருந்தால் அதையும் சொல்லுங்கள். கிருமி அங்கே தங்கிவிட்டால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால், மாடு ஈனும் இடத்துக்கு அவர் போகவே வேண்டாம்.