ரெஜ்ஜி புஷ்ஷை விட்டு மாரியோ வில்லியம்ஸை எடுத்தது சரியா? ஹூஸ்டன் டெக்சன்ஸ் கேள்வி பதில்

2006 டிராஃப்ட் பற்றி எப்போது பேச்சு வந்தாலும் ஹூஸ்டன் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்தவரை பதில் சொல்கிறேன். நான் மாரியோ கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலை வேண்டும் என்பவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம்.

கே (கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி): அண்ணா, நான் அமெரிக்க ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்தே கொஞ்ச நாள்தான். இது எதற்கான சண்டை என்றே புரியவில்லை. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ப: சொல்கிறேன் தம்பி. அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும், அதுதான் டிராஃப்ட். போன வருடம் மோசமாக ஆடிய அணிக்குத்தான் முதல் வாய்ப்பு. 2005இல் டெக்சன்ஸ் 16 ஆட்டத்தில் 2 ஜெயித்து 14 தோற்றது, அதனால் 2006இல் முதல் தேர்வு அவர்கள் கையில். அந்த வருடம் நாடே பேசிய பெயர்கள் இரண்டு. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரன்னிங் பேக் (பந்தை வாங்கி ஓடுகிறவர்) ரெஜ்ஜி புஷ், கல்லூரி ஆட்டத்தின் பெரிய விருதான ஹைஸ்மன் டிராஃபியை வாங்கியவர். இன்னொருவர் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்) வின்ஸ் யங், ஹூஸ்டனிலேயே பிறந்து வளர்ந்த பையன். டெக்சன்ஸ் இரண்டு பேரையும் விட்டுவிட்டு, வட கரோலினா ஸ்டேட்டில் ஆடிய மாரியோ வில்லியம்ஸ் என்ற டிஃபன்சிவ் எண்டை எடுத்தது. அதாவது பந்தைத் தொடுவதே வேலையில்லாத, எதிரணி குவாட்டர்பேக்கைத் துரத்திப் பிடிக்கிற ஆள். டிராஃப்ட்டுக்கு முந்தைய இரவே ஒப்பந்தத்தில் கையெழுத்தும் ஆகிவிட்டது. ஊர் கொதித்தது. இன்னும் முழுசாக ஆறவில்லை.

கே (கேட்டியிலிருந்து): வின்ஸ் யங்கை விட்டதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. கல்லூரிச் சாம்பியன் யார் என்று முடிவு செய்த ரோஸ் பவுல் ஆட்டத்தைப் பார்த்தீர்களா இல்லையா? சொந்த ஊர்ப் பையன், கண் முன்னால் நிற்கிறான், அவனை டென்னசிக்குத் தாரை வார்த்துவிட்டு வருடத்துக்கு இரண்டு முறை அவனிடமே அடி வாங்கினோம். இதற்கு என்ன சமாதானம் சொல்வீர்கள்?

ப: சமாதானம் சொல்ல மாட்டேன், ஏனென்றால் நீங்கள் பிடித்திருப்பதுதான் இந்த விவகாரத்தில் உண்மையிலேயே வலிக்கிற இடம். 2006 ஜனவரி 4 அன்று யங் தனியாளாக 200 கெஜம் ஓடி, 267 கெஜம் பந்து வீசி, கடைசி 19 நொடி இருக்கும்போது நான்காவது முயற்சியில் மூலைக்கு ஓடி டச்டவுன் போட்டு 41-38 என்று ஜெயித்தார். தோற்ற அணியில் இருந்தவர் ரெஜ்ஜி புஷ். அப்புறம் அதே வருடம் டிசம்பர் 10, ஹூஸ்டன் மைதானத்திலேயே, ஓவர்டைமில் 39 கெஜம் ஓடி டெக்சன்ஸைச் சாய்த்தார். அன்று மைதானத்தில் பாதிப் பேர் அவருக்குத்தான் கைதட்டினார்கள் என்று சொன்னால் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆனால் யங்கை விட்டதற்குக் காரணம் மாரியோ இல்லை, டேவிட் கார். டெக்சன்ஸ் தொடங்கிய 2002இல் முதல் தேர்வாக வந்த குவாட்டர்பேக் அவர். முதல் வருடமே 76 தடவை சாக் ஆனார், அதாவது பந்தை வீசுமுன்பே எதிரணி பிடித்துக் கீழே தள்ளியது, அது லீக் சாதனை. 2005இல் இன்னொரு 68. இப்படி அடிவாங்கின ஆளை நம்பி, டிராஃப்ட்டுக்கு முன்பே 8 மில்லியன் டாலர் கொடுத்து ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். அந்தக் கையெழுத்து விழுந்ததுமே யங்குக்கான கதவு மூடிவிட்டது. ஒரே வருடத்தில், 2007 மார்ச்சில் டேவிட் காரை விடுவித்துவிட்டு, அட்லான்டாவுக்கு இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து இன்னொரு குவாட்டர்பேக் மேட் ஷாபை வாங்கினார்கள், முதல் சுற்றில் இடமும் மாற்றிக்கொண்டார்கள். 2006இல் அந்த நிர்வாகம் செய்த தப்பு டேவிட் காரின் ஒப்பந்தத்தை நீட்டித்ததுதான். கோபத்தை மாரியோ மேல் காட்டியது ஆள் மாறிய அடி.

யங் என்ன ஆனார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் வருடச் சிறந்த ஆஃபன்ஸ் (தாக்கி ஆடும் பக்கம்) ஆட்டக்காரர் விருது வாங்கினார், டென்னசிக்காகத் தோற்றதைவிட அதிகம் ஜெயித்தார், இருந்தும் ஐந்து வருடத்தில் அந்த அணி அவரை அனுப்பிவிட்டது. ஹூஸ்டனில் வேறு மாதிரி ஆகியிருக்குமா என்றால், ஆகியிருக்கலாம். 68 சாக் விட்ட அந்தத் தடுப்பு வரிசைக்குப் பின்னால் நின்று என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

கே: சரி, யங்கை விடுங்கள். புஷ்ஷை ஏன் எடுக்கவில்லை?

ப: கேரி கூபியாக். 2006இல் புதிதாக வந்த தலைமைப் பயிற்சியாளர், அதற்கு முன் டென்வரில் பல வருடம் ஆஃபன்ஸ் பொறுப்பில் இருந்தவர். டென்வர்காரர்கள் ஓட்ட ஆட்டத்துக்கு யாரையெல்லாம் வைத்து ஆடினார்கள் என்று பாருங்கள். டெரல் டேவிஸ் ஆறாவது சுற்று, மைக் ஆண்டர்சன் ஆறாவது சுற்று, ஒலாண்டிஸ் கேரி நான்காவது சுற்று, மூன்று பேரும் ஆயிரம் கெஜம் தாண்டினார்கள். முன்வரிசை ஒன்றாக ஒரே பக்கம் நகர்ந்து வழி திறக்கும், பின்னால் வருபவன் ஒரே வெட்டு வெட்டி உள்ளே புகுந்துவிட வேண்டும். அந்த முறையில் ஊறிய மனிதருக்கு ரன்னிங் பேக்குக்காக முதல் தேர்வைச் செலவழிக்க மனம் வருமா?

இதில் அவருக்கு ஒரு அடியும் விழுந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கையில் இருந்த ரன்னிங் பேக் டொமினிக் டேவிஸ் முழங்கால் கோளாறில் 2006 முழுக்க ஆடவே இல்லை, அதற்கப்புறமும் ஆடவில்லை. அந்த வருடம் புஷ் கட்சிக்காரர்கள் சொன்னதெல்லாம் நியாயமாகத்தான் தெரிந்தது. ஆனால் 2009இல் டிராஃப்ட்டிலேயே யாரும் எடுக்காத ஏரியன் ஃபாஸ்டரைக் கொண்டு வந்தார்கள், 2010இல் அவர் 1,616 கெஜம் ஓடி லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். கூபியாக் கணக்கு தாமதமாகத்தான் கூடியது, ஆனால் கூடியது.

கே (நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஒரு செயின்ட்ஸ் ரசிகர்): எங்களுக்கு புஷ் சூப்பர் பவுல் கொடுத்தார். உங்களுக்கு மாரியோ என்ன கொடுத்தார்?

ப: வாங்க வாங்க, நீங்கள் வராமல் இந்தப் பேச்சு களைகட்டாது. புஷ் உங்களுக்கு நிறையக் கொடுத்தார், மறுக்கவே இல்லை. கேட்ரீனா புயலுக்குப் பின் சொந்த மைதானம் இல்லாமல் சான் அன்டோனியோவிலும் பேட்டன் ரூஜிலும் ஆடி 3-13 என்று முடித்த அணி, மறுவருடம் 10-6. அவர் முதல் வருடமே 88 பந்து பிடித்தார். ஆனால் 2006இல் உங்களிடம் புதிதாக வந்தவர் அவர் மட்டுமா? குவாட்டர்பேக் டிரூ பிரீஸ் வந்தார், பயிற்சியாளர் ஷான் பேட்டன் வந்தார். புஷ்ஷை எங்கே நிறுத்த வேண்டும், எப்போது பந்து கொடுக்க வேண்டும் என்று தெரிந்த பயிற்சியாளரும், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற குவாட்டர்பேக்கும் அங்கே இருந்தார்கள். அப்படியிருந்தும் நியூ ஆர்லியன்ஸில் அவர் ஒரு வருடம்கூட ஆயிரம் கெஜம் ஓடவில்லை. ஓடியது பின்னால் மயாமியிலும் டெட்ராய்ட்டிலும். எங்கள் ஊருக்கு வந்திருந்தால் டேவிட் காரோடு சேர்ந்து மண்ணைக் கவ்வியிருப்பார், அவ்வளவுதான். உங்களிடம் போனது அவருக்கும் நல்லது.

கே: முதல் வருடம் 4.5 சாக். ஆறு வருடத்துக்கு 54 மில்லியன், அதில் 26.5 மில்லியன் உறுதிப் பணம். இதற்கா?

ப: முதல் வருடம் முழுக்கக் குதிகால் வலியோடுதான் ஆடினார். 295 பவுண்ட் எடையை ஒரு காலில் ஊன்றிப் பாய்கிற வேலையில் குதிகால் போனால் என்ன மிஞ்சும்? கால் சரியானதும் 2007இல் 14, 2008இல் 12. டென்வரோடு ஒரு வியாழக்கிழமை இரவு ஆட்டம், அவர்கள் குவாட்டர்பேக் ஜே கட்லரை மட்டும் 3.5 தடவை கீழே தள்ளினார். அதற்கப்புறம் திட்டியவர்கள் சத்தம் கொஞ்சம் குறைந்தது.

ஆனாலும் சாக் எண்ணிக்கையை மட்டும் வைத்து டிஃபன்சிவ் எண்டை எடை போடாதீர்கள். கிரிக்கெட்டில் ஒரு முனையில் ஒருவர் கட்டுக்கோப்பாகப் போட்டால் விக்கெட் மறுமுனையில் விழுமே, அந்த மாதிரி வேலையும் இதில் உண்டு. மாரியோ பக்கம் இரண்டு பேர் தடுக்கப் போனால் நடுவில் ஆள் குறைவார்கள், குவாட்டர்பேக் அவசரப்பட்டு வீசுவார், பின்னால் நிற்பவன் கையில் பந்து மாட்டும். கணக்கில் மாரியோ பெயரே வராது. அதோடு ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்போது இதே பிரிவில் இன்டியானாபொலிஸின் குவாட்டர்பேக் பேட்டன் மேனிங் இருந்தார், வருடத்துக்கு இரண்டு முறை. அவரை அவசரப்படுத்த ஆளில்லாமல் எத்தனை புள்ளி போட்டாலும் பத்தாது.

பணம் பெரிய தொகைதான். அன்றைக்கு முதல் தேர்வு யாராக இருந்தாலும் அந்த மாதிரிதான் கொடுக்க வேண்டியிருந்தது. 2010இல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபர்டுக்கு உறுதிப் பணம் மட்டும் 50 மில்லியன். 2011இல் லீக்குக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையே புது ஒப்பந்தம் வந்த பிறகுதான் அந்த வருட முதல் தேர்வு கேம் நியூட்டன் நான்கு வருடத்துக்கு 22 மில்லியனுக்கு வந்தார்.

கே: 68 சாக் விட்ட அணி, குவாட்டர்பேக்கைக் காக்கிற ஆஃபன்சிவ் டேக்கிளை அல்லவா எடுக்க வேண்டும்? டிபிரிக்கஷா ஃபெர்குசன் இருந்தாரே.

ப: இதுதான் நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. நான்காவது இடத்தில் ஜெட்ஸ் அவரை எடுத்தது, பத்து வருடம், 160 ஆட்டம், ஒன்றைக்கூட விடவில்லை. புஷ்ஷா யங்கா என்று அடித்துக்கொண்ட வருடத்தில் மாரியோவோடு உண்மையில் ஒப்பிட வேண்டிய ஆள் இவர்தான். டெக்சன்ஸ் டேக்கிள்களை மூன்றாவது சுற்றில் எடுத்தது, சார்லஸ் ஸ்பென்சர், எரிக் வின்ஸ்டன் என்று அடுத்தடுத்து இரண்டு பேர். வின்ஸ்டன் பல வருடம் நின்று ஆடினார். ஸ்பென்சர் இரண்டாவது ஆட்டத்திலேயே கால் உடைந்து போனார், பாவம். இடது பக்கத்துக்கு ஒழுங்கான ஆள் கிடைக்க 2008இல் டுவேன் பிரவுன் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஃபெர்குசனை எடுத்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

கே (சென்னையிலிருந்து ஒரு அக்கா): டிஃபன்சிவ் எண்ட் ஜே.ஜே. வாட்டை எடுத்தபோதும் இதே ரசிகர்கள்தான் கூச்சல் போட்டார்களாமே?

ப: ஆமாம் அக்கா, 2011, பதினோராவது தேர்வு, டிராஃப்ட் பார்க்கக் கூடியிருந்த டெக்சன்ஸ் ரசிகர்கள் "பூ" என்று கத்தினார்கள். நிக் ஃபேர்லி, ராபர்ட் குவின் இரண்டு பேரும் அப்போது மிச்சம் இருந்தார்கள். வாட்டின் கதையோ வேறு. சென்ட்ரல் மிச்சிகனில் பந்து பிடிக்கிற டைட் எண்டாக ஆடியவர், அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்து பீட்சா கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார், அப்புறம் உதவித்தொகை இல்லாமல் விஸ்கான்சினில் சேர்ந்து இடம் பிடித்தார். இரண்டாவது வருடமே 20.5 சாக். மூன்று முறை லீக்கின் சிறந்த டிஃபன்ஸ் ஆட்டக்காரர். 2014இல் மாரியோவின் 53 சாக் என்ற அணிச் சாதனையையும் தாண்டினார். கத்தியவர்களில் பலர் பிறகு வாட்டின் 99 எண் சட்டை வாங்கியிருப்பார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கே: அப்படியானால் மாரியோவை ஏன் விட்டீர்கள்? இரண்டு பேரும் சேர்ந்து ஆடியிருந்தால்?

ப: அதை நினைத்தால் எனக்கே வயிறு எரியும். 2011இல் டிஃபன்ஸ் பயிற்சியாளராக வேட் ஃபிலிப்ஸ் வந்து 3-4 முறைக்கு (முன்வரிசையில் மூன்று பேர், அவர்களுக்குப் பின்னால் நான்கு லைன்பேக்கர்கள்) மாற்றினார், மாரியோ கையைத் தரையில் ஊன்றாமல் நின்றபடி ஆடும் அவுட்சைட் லைன்பேக்கர் ஆனார். ஒத்துவராது என்றார்கள், ஐந்து ஆட்டத்தில் 5 சாக் எடுத்தார். ஐந்தாவது ஆட்டத்தில், ரெய்டர்ஸோடு, நெஞ்சுத் தசை கிழிந்தது. மறுபக்கம் ஆடிய கானர் பார்வின் வருட முடிவில் 11.5 என்று நின்றார், அணி முதன்முறையாக பிளேஆஃப் போனது. ஆள் இல்லாமலும் ஓடுகிறதே என்று தோன்றிய பிறகு, பஃபலோ நீட்டிய 100 மில்லியனோடு யார் போட்டி போடுவார்கள்? அங்கே போய் 2014இல் 14.5 எடுத்தார். மொத்தமாக 97.5. ஏமாற்றிய ஆளின் கணக்கா இது?

கே: கிளவுனி?

ப: டெக்சன்ஸ் 2014இல் முதல் தேர்வாக எடுத்த டிஃபன்சிவ் எண்ட், முதல் வருடமே முழங்கால் கோளாறு, ஆடியது நான்கு ஆட்டம்தான். பின்னால் நன்றாக ஆடினார், எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. கடைசியில் சியாட்டிலுக்கு விற்ற விலை எனக்குப் பிடிக்கவே இல்லை.

கே (சுகர்லேண்டிலிருந்து): 2023இல் டிஃபன்சிவ் எண்ட் வில் ஆண்டர்சனுக்காக 12ஆவது, 33ஆவது தேர்வுகள், அடுத்த வருட முதல் சுற்று, மூன்றாம் சுற்றுத் தேர்வுகள் எல்லாவற்றையும் அரிசோனாவுக்கு அள்ளிக்கொடுத்தது அதிகமில்லையா?

ப: அன்றைக்கு விலை அதிகம்தான், 105ஆவது தேர்வு ஒன்று திரும்பி வந்தாலும். ஆனால் அதே இரவு இரண்டாவது தேர்வில் குவாட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுடை எடுத்துவிட்டுத்தான் மூன்றாவதுக்கு ஏறினார்கள். குவாட்டர்பேக் பிரச்சினையைத் தீர்த்த பிறகு, அதுவும் கையோடு, டிஃபன்சிவ் எண்ட். 2006இல் செய்யாமல் விட்டது இந்த வரிசையைத்தான். ஆண்டர்சன் முதல் வருடம் 7 சாக்கோடு சிறந்த புது டிஃபன்ஸ் ஆட்டக்காரர் ஆனார், இரண்டாவது வருடம் 11. ஸ்ட்ரவுடும் அந்த வருடச் சிறந்த புது ஆஃபன்ஸ் ஆட்டக்காரர், ஆக விருது இரண்டும் ஒரே அணிக்கு. அணி பிளேஆஃப் போனதும் அரிசோனாவுக்குக் கொடுத்த முதல் சுற்று 27ஆவது இடத்துக்கு இறங்கிவிட்டது. இன்றைக்கு அது எனக்கு மலிவாகவே தெரிகிறது.

கே: ஆண்ட்ரே ஜான்சன், வாட் எல்லாம் அணியின் கௌரவ வரிசையில் இருக்கிறார்கள். மாரியோவுக்கும் இடம் கொடுக்கலாமா?

ப: கொடுக்கலாம், ஆனால் அவசரமில்லை. ஆறு வருடத்தில் 53 சாக், அதெல்லாம் சரி, டெக்சன்ஸ் சட்டையில் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. என்னைக் கேட்டால் அவருக்கு முன்னால் இன்னொருவர் போக வேண்டும். அதே 2006 டிராஃப்ட்டில், இரண்டாவது சுற்றின் முதல் ஆளாக, 33ஆவது தேர்வில் வந்த லைன்பேக்கர் டெமிகோ ரையன்ஸ். அந்த வருடச் சிறந்த புது டிஃபன்ஸ் ஆட்டக்காரர் விருது மாரியோவுக்கு இல்லை, இவருக்குத்தான். 2023இல் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பி வந்தவரும் இவர்தான். புஷ், யங், மாரியோ என்று எல்லோரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த வாரத்தில் இவர் பெயரை ஒருவரும் கேட்கவில்லை.