சிறுத்தை நடந்தது, படம் ஏன் ஷேக் ஆனது?

கேள்வி: முதல் முறையாக சஃபாரி போய் வந்தேன். விடிந்தும் விடியாத நேரத்தில் பாதையோரமாக ஒரு சிறுத்தை நடந்து வந்தது. முப்பது படம் எடுத்திருப்பேன், அறைக்கு வந்து பார்த்தால் ஒன்றுகூட ஷார்ப்பாக இல்லை, அழுகையே வந்துவிட்டது. 100-400 மிமீ ஜூம் லென்ஸ், லென்ஸ் துளை எஃப் 5.6, ஷட்டர் வேகம் 1/60 நொடி. படம் புள்ளி புள்ளியாகி நாய்ஸ் வருமே என்று ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) 800க்கு மேல் ஏற்றவில்லை. லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருந்தும் ஏன் இப்படி? எஃப் 2.8 லென்ஸ் வாங்கினால்தான் சரியாகுமா?

பதில்: லென்ஸ் வாங்குவது இருக்கட்டும், அந்தப் படங்களை அழித்துவிடவில்லையே? ஒன்றைத் திறந்து நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். சிறுத்தையின் மீசை முடி இரட்டைக் கோடாகத் தெரிந்து, அதன் காலடியில் உள்ள புல் மட்டும் தெளிவாக இருந்தால் விலங்கு நகர்ந்திருக்கிறது. மீசை, புல், பின்னால் நிற்கும் மரம் எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் ஆடியது உங்கள் கை, அல்லது ஜீப். சிறுத்தை மங்கலாகி, அதற்கு ரொம்ப முன்னாலோ பின்னாலோ உள்ள ஒரு செடி பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது.

நீங்கள் சொன்ன எண்களைப் பார்த்தால் அநேகமாக முதல் வகைதான். ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை ஆட்டத்தைத்தான் சமாளிக்கும், நடக்கிற சிறுத்தையை அது என்ன செய்ய முடியும்? நடக்கும் விலங்குக்கு 1/500 வையுங்கள், ஓடினால் 1/1000க்கு மேல், அசையாமல் படுத்திருந்தால் 1/125கூடப் போதும்.

சரி, அந்த 1/500க்கு வெளிச்சம் எங்கிருந்து வரும்? ஐஎஸ்ஓவை 800லிருந்து 6400க்கு ஏற்றியிருந்தால், அதே லென்ஸில், அதே வெளிச்சத்தில் உங்கள் 1/60 கிட்டத்தட்ட 1/500 ஆகியிருக்கும். ஐஎஸ்ஓவைத் தொடாமல், துளை இன்னும் அகலமாகத் திறக்கும் எஃப் 2.8 லென்ஸ் மட்டும் மாட்டியிருந்தால் 1/250தான் கிடைத்திருக்கும். நாய்ஸுக்கு இவ்வளவு பயப்படாதீர்கள். ரா ஃபைலாக (கேமரா பதிவுசெய்த தரவை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்தால் மென்பொருளில் பெருமளவு குறைத்துவிடலாம், இழுபட்டுப்போன மீசையை அப்படி மீட்க முடியாது. ஐஎஸ்ஓவுக்குப் பயந்து இருட்டாக எடுத்து அப்புறம் கணினியில் வெளிச்சம் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் செய்யாதீர்கள், நிழல் பகுதியெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும்.

அடுத்த முறை கிளம்பும் முன்பே மேனுவல் மோடில் எஃப் 5.6, 1/500 வைத்து ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டுவிடுங்கள். விலங்கைப் பார்த்ததும் ஓட்டுநரிடம் எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள், லென்ஸை ஜீப் கம்பியில் நேராக வைக்காமல் பீன் பேக் (மணிகள் நிரப்பிய மெத்தென்ற பை) மேல் படுக்க வையுங்கள். உடன் வந்தவர் எழுந்து நின்றாலே வண்டி ஆடும், அதனால் முன்கூட்டியே அவர்களிடம் பேசிவைப்பது நல்லது. சிறுத்தை நடந்துகொண்டே இருக்காது, மோப்பம் பிடிக்கவோ காது கொடுக்கவோ சட்டென்று நிற்கும். அந்த நொடிக்காகக் காத்திருந்து நாலைந்து படம் தொடர்ச்சியாக எடுங்கள், பட்டனை அழுத்தும்போது விரலால் வரும் அதிர்வு பெரும்பாலும் முதல் படத்தோடு போய்விடும்.

கேள்வி: இருட்டிய பிறகு ஃபிளாஷ் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இரவில் நடமாடும் விலங்குகளின் கண் சொற்ப வெளிச்சத்திலும் பார்ப்பதற்காக அமைந்தது, அதில் போய் ஃபிளாஷ் அடிப்பது கொடுமை. பல காடுகளில் தடையும் உண்டு. வெளிச்சம் போய்விட்டால் கேமராவை மடியில் வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள்.