சின்ன அவுட்போர்டு மோட்டார் சூடானால்: கேள்வி பதில்

சிங்கப்பூரில் படகு வைத்திருக்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாமே படகின் பின்னால் வெளியே மாட்டும், 20 எச்.பி.க்கு உட்பட்ட சின்ன மோட்டார்கள் பற்றியவை.

கேள்வி (செம்பவாங்): அண்ணே, என்னுடையது 9.8 எச்.பி. டூ-ஸ்ட்ரோக். உபின் தீவுப் பக்கம் போகும்போது இழுவை குறைந்து, பெயின்ட் கருகும் வாடை வந்தது. பின்னால் பீய்ச்சும் தண்ணீரும் சொட்டுச் சொட்டாகிவிட்டது. நடுக்கடலில் முதலில் என்ன செய்வது?

பதில்: உடனே அணைத்துவிடுங்கள். மெதுவாக ஓட்டிக் கரை சேர்ந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்குத்தான் பிஸ்டன் பிடித்துக்கொள்கிறது. கப்பல் பாதையில் இருந்தால் துடுப்புப் போட்டு விலகி, அப்புறம் நங்கூரம் போடுங்கள். விலக முடியவில்லையா, வி.எச்.எஃப். ரேடியோவில் 16-ஆம் சேனலில் உதவி கேளுங்கள், தயங்க வேண்டாம்.

அடுத்து மோட்டாரைத் தூக்கி, தண்ணீர் உறிஞ்சும் சல்லடையைப் பாருங்கள். ஜோகூர் நீரிணையில் பிளாஸ்டிக் பை வந்து ஒட்டிக்கொள்வது சகஜம். இருந்தால் எடுத்துவிட்டு, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கிளப்புங்கள். சூடான எஞ்சின்மேல் வாளித் தண்ணீரை ஊற்றக் கூடாது, சிலிண்டர் தலை கோணிக்கொள்ளும்.

தண்ணீர் பீய்ச்சும் துளையில் தடித்த தூண்டில் நரம்பை விட்டுக் குத்தியும் பார்க்கலாம். ஆனால் துளை மட்டும் அடைத்திருந்தால் தண்ணீர் நிற்குமே தவிர எஞ்சின் சூடாகாது. உங்களுக்குக் கருகும் வாடை வந்திருக்கிறது. சல்லடை சுத்தமாக இருந்தால் இம்பெல்லரைத்தான், அதாவது குளிர்விக்கும் தண்ணீரை எஞ்சினுக்கு ஏற்றும் பம்பின் ரப்பர் சக்கரத்தைத்தான், சந்தேகப்படுவேன்.

கேள்வி (பொங்கோல்): இம்பெல்லரை நானே மாற்றலாமா? எத்தனை நாளைக்கு ஒருமுறை?

பதில்: தாராளமாக மாற்றலாம். நம் பக்கம் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள் என்பேன். லிம் சூ காங் மாதிரி சேற்றுத் தண்ணீரில் ஓட்டினால் மண் ரப்பரை அரைத்துத் தின்னும். ஓட்டாமல் போட்டு வைத்தாலும் கெடும். ரப்பர் இதழ்கள் ஒரே பக்கம் மடங்கி நின்று அப்படியே இறுகிவிடும்.

முதலில் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். கியர் கம்பியின் இணைப்பைப் பிரித்து, கீழ்ப்பகுதியின் போல்ட்டுகளைக் கழற்றினால் கியர்பாக்ஸ் மொத்தமாகக் கீழே இறங்கும். அதன் மேலே, டிரைவ் ஷாஃப்டைச் சுற்றி இருப்பதுதான் பம்ப். மூடியைத் திறந்து இதழ்களை விரலால் வளையுங்கள். அடியில் வெடிப்புத் தெரிந்தால் போதும், அது முடிந்த கதை. புது இம்பெல்லர் மட்டும் வாங்காதீர்கள், கேஸ்கெட் (ஒழுகாமல் இடையில் வைக்கும் தாள்), இம்பெல்லரை ஷாஃப்டோடு பூட்டும் சின்ன உலோகச் சாவி, அடித்தகடு எல்லாம் சேர்ந்த செட்டாக வாங்குங்கள். தகட்டில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் புது ரப்பர் போட்டும் தண்ணீர் ஏறாது.

மாட்டும்போது கிளிசரினோ சோப்புத் தண்ணீரோ தடவி, ஷாஃப்ட் எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கமே சுற்றியபடி மூடியை இறக்குங்கள். பெரும்பாலான மோட்டார்களில் மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்று. இதழ்கள் எதிர்ப்பக்கம் மடங்கினால் சீக்கிரம் கிழியும்.

கேள்வி (தெம்பனிஸ்): ஒரு கடையில் புது இம்பெல்லர் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் மறுபடியும் சூடு. மோசமான பாகமா?

பதில்: பாகத்தைக் குறை சொல்லுமுன், பழைய இம்பெல்லர் முழுசாக வெளியே வந்ததா என்று கேளுங்கள். ஓர் இதழ் குறைந்தாலும் அந்தத் துண்டு மேலே போய் எஞ்சினுக்குள் எங்கேயோ சிக்கியிருக்கிறது. பழையதை மேசையில் வைத்து, உடைந்த துண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை சரியாகும்வரை தேட வேண்டியதுதான். தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு) இருக்கும் கூட்டைத் திறந்து பாருங்கள், பம்பிலிருந்து எஞ்சினுக்கு ஏறும் தண்ணீர்க் குழாயில் மேலிருந்து தண்ணீர் அடித்துப் பாருங்கள்.

துண்டு எதுவும் குறையவில்லை என்றால், அந்தக் குழாய் பம்பின் ரப்பர் வளையத்துக்குள் சரியாக உட்காராமல் பக்கத்தில் ஒழுகிக்கொண்டிருக்கலாம். அவசரமாக மாட்டுகிறவர்கள் விட்டுவிடும் இடம் இது.

கேள்வி (பாசிர் ரிஸ்): தண்ணீர் நன்றாகப் பீய்ச்சுகிறது, ஆனாலும் முழு வேகத்தில் அலாரம் அடிக்கிறதே?

பதில்: பீய்ச்சும் தண்ணீர் பம்ப் வேலை செய்கிறது என்று மட்டுமே சொல்லும். எஞ்சினுக்குள் எல்லா வழியிலும் தண்ணீர் ஓடுகிறதா என்று சொல்லாது. உள்ளே உப்புக் கட்டியிருக்கலாம், தெர்மோஸ்டாட் பாதி திறந்தபடி சிக்கியிருக்கலாம். மோட்டார் உயரமாக மாட்டியிருந்தாலும் வேகத்தில் காற்றை உறிஞ்சும். புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு படகின் அடிப்பாகத்துக்குச் சமமாகவோ சற்றுத் தாழ்வாகவோ இருக்க வேண்டும்.

கேள்வி (ஈசூன்): இந்த ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு, கழற்றி வீசு என்கிறார் நண்பர்.

பதில்: கேட்காதீர்கள், தம்பி. நம் கடல் ஏறக்குறைய 30 டிகிரிதான். பல மோட்டார்களின் தெர்மோஸ்டாட் 50, 60 டிகிரியில்தான் திறக்கும், எஞ்சினுக்கு அந்தச் சூடு தேவை. அது இல்லாவிட்டால் ஃபோர்-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் வழிந்து எண்ணெயில் கலக்கும். சந்தேகமாக இருந்தால் பழைய சட்டியில் தண்ணீரும் தெர்மாமீட்டரும் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதில் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறந்தால் நல்லது.

கேள்வி (ஜூரோங்): ஹோண்டா 2.3 எச்.பி. வாங்கினேன். தண்ணீரே பீய்ச்சவில்லை!

பதில்: பயப்படாதீர்கள், அது காற்றில் குளிரும் எஞ்சின். காற்றுப் போகும் வழியை அடைக்காமல் வைத்திருங்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். 5 எச்.பி. மோட்டாரை எப்படிக் கழுவுவது?

பதில்: வீட்டுக்கு வந்து கழுவ நினைக்காதீர்கள். மாடியிலோ தாழ்வாரத்திலோ எஞ்சினை ஓட்டினால் புகை ஆளைக் கொல்லும். படகு இறக்கும் இடத்திலேயே பெரிய தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி, உறிஞ்சும் சல்லடை நன்றாக மூழ்கும்படி மாட்டி, நியூட்ரலில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். தெர்மோஸ்டாட் திறந்து, உள்ளே நல்ல தண்ணீர் சுற்றவே அந்த நேரம். தண்ணீர் இல்லாமல் சில விநாடிகூடக் கிளப்பிப் பார்க்க வேண்டாம், ரப்பர் கருகிவிடும். ஒவ்வொரு முறை கடலுக்குப் போய்வந்ததும் இதைச் செய்யுங்கள்.

கேள்வி (செம்பவாங்காரர் மறுபடியும்): சல்லடை சுத்தம். இம்பெல்லரில் இரண்டு இதழ் கிழிந்திருந்தது, துண்டுகளும் கிடைத்துவிட்டன. உள்ளே சேதம் இருக்குமா?

பதில்: கம்ப்ரெஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கருவி) வைத்து இரண்டு சிலிண்டரையும் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் தப்பித்தீர்கள். ஒன்று வெகுவாகக் குறைந்திருந்தால் சிலிண்டர் தலையைக் கழற்றி கேஸ்கெட்டையும் சிலிண்டர் சுவரையும் பார்த்த பிறகுதான் அடுத்த பயணம்.