ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் வேர்ட்பிரஸ் தளத்தின் அட்மின் (நிர்வாக) பக்கத்தைத் தனித்தனியாக மாற்றி அமைப்பது அவசியமா? எல்லோருக்கும் அட்மின் லாகினே கொடுத்துவிட்டால் என்ன?

அவசியம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

கேள்வியின் விளக்கத்தில், "எல்லாவற்றையும் திறந்துவிட்டால் போன் தொல்லை குறையும், மெனுவை வெட்டி ஒட்டும் நேரம் மிச்சமாகும்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தனியாளாகத் தொழில் செய்பவர் என்று நினைக்கிறேன். சின்ன நிறுவனங்களுக்கு வேர்ட்பிரஸில் (இணையதளம் உருவாக்கி நிர்வகிக்கும் மென்பொருள்) தளம் செய்து கொடுக்கிறீர்கள், பராமரிப்புப் பணத்தைக் கேட்டு வாங்குவதற்குள் உயிர் போகிறது, அதற்கு மேல் இந்த வேலையும் வேண்டுமா என்ற அலுப்பு. அந்த அலுப்பு எனக்குத் தெரியும். நான் காட்பாடியில் இருந்துகொண்டு வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆற்காடு என்று சுற்றுவட்டார வாடிக்கையாளர்களுக்கு இதே வேலையைத்தான் செய்கிறேன். 2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள்; என் வேலைக்கு இன்னும் அது பழைய வட ஆற்காடுதான்.

இந்தக் கேள்விக்கு நான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதக் காரணம் ஒரு லாட்ஜ்.

வேலூரில் பெரிய மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெயர்ப் பலகைகள் வங்காளத்திலும் இந்தியிலும் இருக்கும். மேற்கு வங்காளம், அசாம், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ சிகிச்சைக்கு வருகிறார்கள். ஊரில் ரயில் ஏறும் முன்பே இணையத்தில் லாட்ஜ் தேடி, அங்கே இருக்கும் எண்ணுக்கு போன் செய்து, அறை உறுதியான பிறகுதான் காட்பாடிக்குப் புறப்படுவார்கள். கூடவே நோயாளியும் இருப்பார். அப்படிப்பட்ட ஒரு லாட்ஜின் தளத்தில், மேலே இருக்கும் தொடர்பு எண்ணை யாரோ மாற்றிவிட்டார்கள். அழைப்புகள் எல்லாம் ஒரு புரோக்கரிடம் போய்க்கொண்டிருந்தன. அறை இருக்கிறது என்று சொல்லி முன்பணம் வாங்கிவிட்டு, வந்து இறங்கியவர்களை வேறு எங்கோ அழைத்துப் போயிருக்கிறார்கள். ஒரு குடும்பம் நேராக லாட்ஜ் வாசலுக்கே வந்து சண்டை போட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

அந்தத் தளத்தைச் செய்தவர்கள் வேறு ஒரு நிறுவனத்தார். அவர்கள் போனை எடுக்கவில்லை என்று லாட்ஜ்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது முதலாளி முடிவே எடுத்துவிட்டிருந்தார். இரவு ஷிப்ட் பார்த்த பையனை வேலையை விட்டு அனுப்பியாகிவிட்டது. அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமத்துப் பையன். கம்ப்யூட்டர் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பது அவன் மீதான முழுக் குற்றச்சாட்டு. அந்த மாதச் சம்பளத்தையும் நிறுத்திவிட்டார்கள்.

"அவன்தான் என்று எப்படித் தெரியும் சார்?" என்று கேட்டேன்.

"வேறு யார் செய்திருப்பார்கள் மேடம்? ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டரில்தான் உட்கார்ந்திருப்பான்."

உள்ளே போய்ப் பார்த்தேன். தளத்தில் இருந்தது ஒரே ஒரு பயனர். பெயர் 'அட்மின்'. முதலாளி, அவர் மகன், மேனேஜர், பகல் ஆள், இரவு ஆள், முன்பு இருந்து விலகிப்போன ஒருவர் என்று எல்லோரும் அதே பெயரிலும் அதே பாஸ்வேர்டிலும்தான் உள்ளே போயிருக்கிறார்கள். பாஸ்வேர்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதப்பட்டு வரவேற்பு மேசையின் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. முன்பணம் கட்ட நிற்கும் வாடிக்கையாளரே அதைப் படித்துவிடலாம்.

வேர்ட்பிரஸில் ஒரு பக்கத்தைத் திருத்தினால் யார், எப்போது திருத்தினார் என்று பழைய பிரதிகளோடு பதிவாகும். ஆனால் எல்லோருமே 'அட்மின்' என்றால் அந்தப் பதிவால் என்ன பயன்? போதாக்குறைக்கு, அந்த எண் இருந்தது பக்கத்தில் அல்ல, தீமின் (தளத்துக்குத் தோற்றம் தரும் வார்ப்புரு) கஸ்டமைசரில், அதாவது தோற்றத்தை மாற்றும் திரையில். அங்கே மாற்றினால் திரும்பிப் பார்க்கும்படியான வரலாறு எதுவும் திரையில் நிற்காது. சர்வரின் பழைய பதிவுகளும் அழிந்துபோயிருந்தன. யார் செய்தது என்பது கடைசி வரை தெரியவே இல்லை. இன்றும் தெரியாது.

இங்கேதான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. கஸ்டமைசரைத் திறக்க 'எடிட் தீம் ஆப்ஷன்ஸ்' என்ற அனுமதி வேண்டும். வேர்ட்பிரஸில் யாருக்கு என்னென்ன அனுமதி என்று வகுக்கும் ஐந்து அடிப்படை ரோல்களில் அது அட்மினிஸ்ட்ரேட்டருக்கு மட்டும்தான் உண்டு. பக்கங்களைத் திருத்தி வெளியிடும் எடிட்டருக்குக்கூடக் கிடையாது. அந்தப் பையனுக்கு எடிட்டராகவோ அதற்கும் கீழாகவோ தனி லாகின் ஒன்று இருந்திருந்தால், அவனால் அந்த எண்ணைத் தொட்டிருக்கவே முடியாது. அதை முதலாளியிடம் காட்டி ஒரே நிமிடத்தில் அவன் பெயரைக் காப்பாற்றியிருக்கலாம். அனுமதியைக் குறைப்பது ஊழியர் மீதான அவநம்பிக்கை என்று பலர் எழுதுகிறார்கள். சம்பளம் குறைவாக வாங்குபவருக்கு நாம் செய்துதரக்கூடிய ஒரே பாதுகாப்பு அதுதான் என்பது என் நம்பிக்கை.

அறைச் சாவிகளை எண் போட்டு வரிசையாக மாட்டி, யார் எடுத்தார் என்று நோட்டில் எழுதும் லாட்ஜ் அது. தளத்தின் சாவி மட்டும் எல்லோருக்கும் ஒன்று.

முழுவதையும் மாற்றினேன். அறைகளின் விவரங்களை வைக்கத் தனியாக ஒரு பதிவு வகை, அதற்கென்றே தனி அனுமதிகள். 'வரவேற்பாளர்' என்று ஒரு ரோல். அவர் உள்ளே போனால் 'அறைகள்' என்ற ஒரே மெனுதான் தெரியும். வாடகையையும், அறை காலியா நிரம்பியதா என்பதையும் மாற்றலாம், அழிக்க முடியாது. மேனேஜருக்கு எடிட்டர் ரோலோடு அறைகளுக்கான எல்லா அனுமதிகளும். முதலாளிக்கு அவர் மின்னஞ்சலில் அட்மினிஸ்ட்ரேட்டர். பழைய 'அட்மின்' பயனரை நீக்கும்போது வேர்ட்பிரஸ் ஒரு கேள்வி கேட்கும்: அவர் எழுதியதையெல்லாம் சேர்த்து அழிக்கவா, வேறொருவர் பெயருக்கு மாற்றவா என்று. அவசரத்தில் முதலாவதை அழுத்தினால் மொத்தத் தளமும் போய்விடும். நிதானமாகப் படித்து, இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

வேலை முடிந்து பில் கொடுக்கும்போது, பையனின் சம்பளத்தைப் பற்றிப் பேசினேன். முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மேனேஜரிடம் சொல்லி நிலுவையைக் கொடுத்தனுப்பினார். வருத்தம் தெரிவித்து ஒரு வார்த்தை சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. பையன் அதற்குள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்குப் போய்விட்டான்.

இனி செய்முறை. "மெனுவை மறைத்தால் போதும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மெனுவை நீக்கும் நிரல் கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் நீக்குகிறது. அனுமதி அப்படியே இருந்தால், அந்தப் பக்கத்தின் முகவரியைத் தட்டச்சு செய்து நேரே உள்ளே போய்விடலாம். முதலில் அனுமதியை எடுங்கள், மெனு தானாகவே மறையும். மீதி இருப்பதை அழகுக்காக மறையுங்கள்.

புதிய ரோலை நிரலில் எழுதும்போது பலர் ஓர் இடத்தில் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். ரோல் ஒரு முறை உருவானதும் டேட்டாபேஸில் பதிந்துவிடும். பிறகு நிரலில் அனுமதியை மாற்றினாலும் தளத்தில் மாறாது. பழைய ரோலை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும், இல்லையென்றால் அனுமதியைத் தனியாகச் சேர்க்கவோ எடுக்கவோ வேண்டும். அதேபோல் நீங்களாக ஒரு புதிய அனுமதியை உருவாக்கினால் அதை அட்மினிஸ்ட்ரேட்டருக்கும் சேர்த்துக் கொடுங்கள். மறந்தால், நீங்கள் செய்த மெனு உங்களுக்கே தெரியாது. இவை எல்லாவற்றையும் தீமில் எழுதாமல் 'எம்யூ ப்ளகின்ஸ்' போல்டரில் (எப்போதும் தானாக இயங்கும் ப்ளகின்களுக்கான இடம்; ப்ளகின் என்பது தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் நிரல்) வையுங்கள். நாளை யாராவது தீமை மாற்றினாலும் அது நிற்கும், அட்மின் பக்கத்திலிருந்து அதை யாரும் அணைக்கவும் முடியாது.

ப்ளகின் பிரியர்கள் இந்த இடத்தில் வருவார்கள் என்று தெரியும். ரோல்களைத் திரையிலேயே மாற்ற உதவும் யூசர் ரோல் எடிட்டர், மெம்பர்ஸ் எல்லாம் நல்ல ப்ளகின்கள், நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஒரே ஒரு தளம் என்றால் தாராளமாகப் போடுங்கள். பல வாடிக்கையாளர்களுக்குத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, நிரல் கையில் இருந்தால் எதை யாருக்குக் கொடுத்தோம் என்று படித்துப் பார்க்க முடிகிறது. அவ்வளவுதான் என் வாதம்.

ஒருவருக்குச் செய்ததை அப்படியே அடுத்தவருக்குப் பிரதி எடுக்க முடியாது என்பதற்கும் இரண்டு மூன்று உதாரணம் சொல்கிறேன். குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளி. சுற்றறிக்கை ஏற்றுபவர் அலுவலக உதவியாளர் அம்மா. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வேகமாகத் தட்டச்சு செய்யக்கூடியவர். அதைத் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வந்து விழும். யூனிகோடுக்கு மாறச் சொல்லி அவரைத் துன்புறுத்த எனக்கு மனமில்லை. 'சுற்றறிக்கை' என்று தமிழிலேயே ஒரு மெனு, உள்ளே தலைப்புக்கு ஒரு கட்டம், பிடிஎப் ஏற்ற ஒரு பொத்தான். வேறு எதுவும் திரையில் இல்லை. தலைப்பை மட்டும் தன் கைபேசியில் குரலால் சொல்லி, அதை எடுத்து ஒட்டிவிடுகிறார். வேர்ட்பிரஸ் 4.7 முதல் ஒவ்வொரு பயனரும் தனக்கான மொழியைத் தன் சுயவிவரப் பக்கத்தில் தேர்ந்தெடுக்கலாம். தலைமையாசிரியருக்கு ஆங்கிலம், இந்த அம்மாவுக்குத் தமிழ். இந்த வசதி இருப்பது நம் ஊரில் தளம் செய்கிறவர்களுக்கே பலருக்குத் தெரியவில்லை.

ஆற்காட்டில் மக்கன் பேடா விற்கும் கடையின் தேவை வேறு. வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் ப்ளகினான வூகாமர்ஸ் தரும் 'ஷாப் மேனேஜர்' ரோலைப் பார்சல் கட்டுபவருக்குக் கொடுத்தால், பணம் வரும் வழியை அமைக்கும் பக்கம் வரை அவருக்குத் திறந்துவிடும். அவருக்கு வேண்டியது ஆர்டரைப் பார்ப்பதும், அனுப்பியாயிற்று என்று குறிப்பதும் மட்டும். ஆர்டர்களைத் திருத்தும் அனுமதிகளை வைத்துக்கொண்டு, கடை அமைப்புகளைத் திறக்கும் 'மேனேஜ் வூகாமர்ஸ்' அனுமதியை எடுத்துவிட்டேன்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலைக்கும் செய்தேன். வெளிநாட்டுக்காரர்கள் முதலில் பார்ப்பது தணிக்கைச் சான்றிதழ்களை. காலாவதியானது ஒன்று தளத்தில் கிடந்தால் ஆர்டரே கேள்விக்குறியாகும். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு ஏற்ற வேண்டும், நிர்வாகி பார்த்த பிறகுதான் வெளியே தெரிய வேண்டும். எழுதலாம், ஆனால் தானே வெளியிட முடியாது என்ற கான்ட்ரிபியூட்டர் ரோல் இதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். ஆனால் அதில் கோப்பு ஏற்றும் அனுமதி கிடையாது. அதை மட்டும் சேர்த்துக் கொடுத்தேன்.

அந்தத் தொழிற்சாலையைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். வரவேற்பில் என் பெயரைச் சொன்னதும், "சார் வரவில்லையா?" என்று கேட்டார்கள். எந்த சார்? நான்தான் தளம் செய்பவள் என்றேன். உள்ளே போனதும் நிர்வாகி, "டெக்னிக்கல் ஆளோடு பேச வேண்டுமே அம்மா" என்றார். இது ஒரு இடத்தில் நடந்ததல்ல. போகிற இடமெல்லாம் நடக்கிறது. பெங்களூரிலிருந்து ஒரு இளைஞன் மடிக்கணினியோடு வந்து இறங்கினால், அவன் என்ன படித்தான் என்றுகூடக் கேட்காமல் முன்பணம் கொடுக்கிறார்கள். அவன் செய்துவிட்டுப் போனதைச் சரிசெய்ய என்னைக் கூப்பிடும்போது, "நம் ஊர்ப் பெண்தானே, பார்த்துப் போட்டுக் கொள்ளுங்கள்" என்கிறார்கள். இதைப் படிக்கும் பெண்கள் யாராவது இந்தத் தொழிலுக்கு வர நினைத்தால், வாருங்கள். பில்லில் மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள்.

சரி, கேள்விக்குத் திரும்புகிறேன். "பணம் கொடுத்தவருக்கு முழு உரிமை கொடுக்காமல் பூட்டி வைக்கிறீர்களா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இல்லை. உரிமையாளருக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் லாகின் கண்டிப்பாகக் கொடுக்க வேண்டும். டொமைனும் (தளத்தின் முகவரி) ஹோஸ்டிங்கும் (தளம் இருக்கும் சர்வர் இடம்) அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் ஓடிவிடக் கூடாது என்று டொமைனைத் தங்கள் பெயரில் வைத்துக்கொள்பவர்களை நான் தொழில் செய்பவர்களாகவே மதிப்பதில்லை. ஆனால் அதே உரிமையாளருக்கு அன்றாடத் திருத்தங்களுக்கென்று எடிட்டர் நிலையில் இரண்டாவது லாகின் ஒன்றையும் கொடுக்கிறேன். ஒரு பயனருக்கு ஒரு மின்னஞ்சல்தான் ஏற்கும் என்பதால் இதற்கு அவருடைய இன்னொரு மின்னஞ்சல் தேவைப்படும். பெரும்பாலோர் அந்த லாகினோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

யாராவது வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே செய்ய வேண்டியதை ஒரு தாளில் அச்சடித்து ஒப்படைக்கிறேன்: அவர் ரோலை 'இந்தத் தளத்தில் எந்த ரோலும் இல்லை' என்று மாற்றுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், அவர் சுயவிவரத்தில் எல்லா இடங்களிலிருந்தும் வெளியேற்றும் பொத்தானை அழுத்துங்கள். பயனரை அழிக்க வேண்டாம். அவர் செய்தது எது, செய்யாதது எது என்ற கணக்கு அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

நேரம் வீணாகிறது என்கிறீர்களே, அதற்குப் பணம் கேளுங்கள். நான் தரும் செலவு மதிப்பீட்டில் 'பயனர் அனுமதி அமைப்பு' என்று தனியாக ஒரு வரி இருக்கும். இது எதற்கு என்று கேட்பவரிடம், உங்கள் அலுவலகத்தில் தளத்தை யார் யார் தொடுவார்கள், பெயர்களைச் சொல்லுங்கள் என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டுகிறேன். எழுதத் தொடங்கிய பிறகு அந்த வரியை நீக்கச் சொன்னவர் இதுவரை யாரும் இல்லை.