கடைசி நாள் சபைகள்: கடலோரத்துக் கேள்விகளும் என் பதில்களும்

உலக முடிவை எதிர்பார்த்து வாழும் குழுக்களைப் பற்றி நெடுநாளாகப் படித்து வருகிறேன். கல்லூரியில் மத வரலாறு நடத்தியவன். பாம்பன் முதல் தொண்டி வரை உள்ள நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். யாருடைய பெயரையும் போடவில்லை.

பாம்பன், நாட்டுப்படகு வைத்திருப்பவர்: சார், கடல் உள்வாங்கினாலும் சரி, தண்ணீர் பச்சையானாலும் சரி, உடனே "இதுதான் அழிவின் அடையாளம்" என்று வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. வீட்டில் பெண்கள் பயப்படுகிறார்கள்.

பச்சை நிறம் பூங்கோரையால் வருவது. உங்களுக்கே தெரியும். நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகும்போது நீர் நிறம் மாறும், பிராணவாயு குறையும், மீன் செத்து ஒதுங்கும். 2019இல் மன்னார் வளைகுடாவில் அப்படித்தான் நடந்தது. நம் பக்கம் கடல் அவ்வப்போது உள்வாங்குவதற்குப் பெரும்பாலும் காற்றும் நீரோட்டமும்தான் காரணம். ஆனால் நிலநடுக்கச் செய்தியோ சுனாமி எச்சரிக்கையோ வந்திருந்தால் யோசிக்காமல் மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

அதற்காக அந்தப் பயத்தை நான் மட்டமாகப் பேச மாட்டேன். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயலில் தனுஷ்கோடி என்ற ஊரே போனது. பாசஞ்சர் ரயில் பயணிகளோடு அலையில் போனது. கூரையில்லாத சர்ச் சுவர் இன்றும் மணலில் நிற்கிறது. அதைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் "ஒரே ராத்திரியில் எல்லாம் முடியும்" என்று ஒருவர் பிரசங்கம் செய்தால் அது நெஞ்சில் தைக்கத்தான் செய்யும். வெளியூர்க்காரர்கள் இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ராமநாதபுரம், கல்லூரி மாணவி: தேதி சொல்லி அது பொய்த்த பிறகும் எப்படி சார் விடாமல் இருக்கிறார்கள்?

நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள் அம்மா. அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி பைபிளைக் கணக்குப் போட்டு இயேசு திரும்பி வரும் காலத்தைச் சொன்னார். 1844 அக்டோபர் 22 என்று அவர் கூட்டத்தார் தேதி குறித்தார்கள். வயலை அறுக்காமல் விட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் உண்டு. ஒன்றும் நடக்கவில்லை. ஊர் சிரித்தது. பலர் பழைய சபைக்கே திரும்பினார்கள். மிச்சம் இருந்தவர்களில் ஒரு பிரிவு, அன்று நடந்தது பூமியில் இல்லை, பரலோகத்தில் என்று விளக்கம் கண்டது. அதிலிருந்து 1863இல் உருவானதுதான் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை. இன்று உலகம் முழுக்கப் பள்ளியும் ஆஸ்பத்திரியும் நடத்துகிறார்கள்.

நம் பக்கத்திலும் உண்டு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான வித்வான் குட்டி, திருவிதாங்கூரில் 1881இல் இயேசுவின் இரண்டாம் வருகை என்றார். அதுவும் பொய்த்தது. யுயோமயம் என்ற சபை அதன் பிறகு நிலைத்தது. சொந்தபந்தத்தைப் பகைத்துக்கொண்டு வந்தவனுக்குத் தேதி மட்டும்தான் தோற்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்கிற ஆட்கள் அப்படியே இருக்கிறார்கள். அவர்களையும் விட்டால் அவனுக்கு யார்?

கீழக்கரை, கடைக்காரர்: எங்கள் மார்க்கத்தில் இப்படி நடந்ததுண்டா?

உண்டு காக்கா. 1979 நவம்பர் 20, ஹிஜ்ரி 1400இன் முதல் நாள். ஜுஹைமான் அல் உதைபி தலைமையில் ஆயுதம் ஏந்திய கூட்டம் மக்காவின் பெரிய பள்ளிவாசலைப் பிடித்து, தங்களில் ஒருவரை மஹ்தி, அதாவது கடைசிக் காலத்தில் வருவார் என்று நம்பப்படும் வழிகாட்டி, என்று அறிவித்தது. மீட்க இரண்டு வாரம் ஆனது. பெரும் உயிர்ச்சேதம். இத்தனைக்கும் உலக முடிவு வரும் நேரத்தின் அறிவு அல்லாஹ்விடம் மட்டுமே என்று குர்ஆன் (7:187) சொல்கிறது. பைபிளில் மத்தேயு 24:36 சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான். தேதி குறிப்பவர்கள் இந்த வசனங்களைத் தாண்டித்தான் போகிறார்கள்.

சாயல்குடி, ஆசிரியர்: இவர்கள் எல்லோரையும் ஆபத்தானவர்கள் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. 1985இல் கேரளத்தில் மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. அதுதான் குற்றம். 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. இந்த உலகத்தின் முடிவு நெருங்கிவிட்டது என்று நம்புகிற குடும்பம்தான் அது. யாருக்கு என்ன கெடுதல் செய்தது?

அய்யா வைகுண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கலி அழிந்து தர்ம யுகம் வரும் என்றார். திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறையில் போட்டது. மிஷனரிகள் தங்கள் அறிக்கைகளில் இளக்காரமாக எழுதினார்கள். அங்கே நடந்தது என்ன? தலைப்பாகை கட்டக் கூடாதென்று தடுக்கப்பட்டவர்கள் தலைப்பாகையோடு கும்பிட்டார்கள், ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். யுகம் மாறும் என்ற வாக்கு அங்கே மனிதர்களை நிமிர்ந்து நிற்க வைத்தது. வெளியே இருந்து எழுதியவர்களுக்கு அது கண்ணில் படவில்லை.

தங்கச்சிமடம், ஒரு அக்கா: என் தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு ஜெபக்கூட்டத்தில் சேர்ந்து படகை விற்றுவிட்டார். "இன்னும் கொஞ்ச நாள்தான், படிப்பு எதற்கு" என்று பிள்ளைகளையும் நிறுத்திவிட்டார். சொந்தக்காரர்கள் கிறுக்கன் என்கிறார்கள். என்ன செய்வது தம்பி?

அக்கா, முதலில் அந்தக் கிறுக்கன் என்ற சொல்லை நிறுத்தச் சொல்லுங்கள். 1993இல் அமெரிக்காவின் வேக்கோவில் டேவிட் கோரேஷ் என்பவரின் கூட்டத்தைப் போலீஸ் 51 நாள் முற்றுகையிட்டது. அவர் ஆயுதம் குவித்தவர், சிறுமிகளைச் சீரழித்தவர். அவருக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் உள்ளே இருந்தவர்கள் எல்லாவற்றையும் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ஏழு முத்திரைகளை வைத்தே பார்த்தார்கள். பைபிள் அறிஞர்கள் இரண்டு பேர் அதே பாஷையில் பேசிப் பார்த்தார்கள். விளக்கத்தை எழுதி முடித்துவிட்டு வெளியே வருகிறேன் என்று கோரேஷும் எழுதி அனுப்பினார். அதிகாரிகள் நம்பவில்லை. ஏப்ரல் 19 அன்று கண்ணீர்ப்புகையோடு நுழைந்தார்கள், கட்டடம் தீப்பிடித்தது. எழுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், குழந்தைகள் உட்பட. வெளியே நின்று மிரட்டுவது "உலகமே நமக்கு எதிரி" என்ற பிரசங்கத்தை மெய்யாக்கிவிடும்.

அதனால் தேதியைப் பற்றி உங்கள் தங்கச்சி வீட்டுக்காரரோடு வாதம் வேண்டாம். எப்போதும்போலக் குழம்பு வைத்தால் கொண்டுபோய்க் கொடுங்கள், தங்கச்சியோடு உட்கார்ந்து பேசுங்கள். பேச்சோடு பேச்சாகச் சிலவற்றைக் கவனியுங்கள். படகு விற்ற பணம் யார் கையில்? கூட்டத்துக்கு வர மறுத்தால் என்ன செய்கிறார்கள்? உபவாசம் எவ்வளவு நாள், பிள்ளைகளும் இருக்கிறார்களா? 2023இல் கென்யாவின் ஷகஹோலா காட்டில் இயேசுவைச் சந்திக்கலாம் என்று பட்டினி கிடக்கச் சொல்லி நானூறுக்கும் மேற்பட்டவர்களைச் சாகவிட்டார்கள். அங்கேயும் முதலில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம்தான் நின்றது.

படிப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 6 முதல் 14 வயது வரை படிப்பது பிள்ளையின் சட்ட உரிமை. பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள், அவர் நேரில் போய்ப் பேசட்டும். பட்டினியோ அடியோ இருப்பதாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் 1098க்குப் போன் செய்யுங்கள். சர்க்கரைக்கோ பிரஷருக்கோ சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்களா என்பதை இந்த வாரமே தங்கச்சியிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.