மொட்டை மாடி வானப் படம்: கைடிங் முதலில், ஃபில்டர் பிறகு

கேள்வி: மதுரையில் மொட்டை மாடியிலிருந்து படம் எடுக்கிறேன். 480 மி.மீ. குவியத் தூரமுள்ள ரிஃப்ராக்டர் (லென்ஸ் டெலஸ்கோப்), 3.76 மைக்ரான் பிக்சலுள்ள, ஏபிஎஸ்-சி அளவு சென்சார் கொண்ட கலர் கேமரா, வானத்தின் சுழற்சியோடு டெலஸ்கோப்பைத் திருப்பும் ஈக்விட்டோரியல் மவுண்ட் இருக்கின்றன. 40 நொடியைத் தாண்டினால் நட்சத்திரங்கள் நீள்கின்றன, வானமும் வெளுக்கிறது. ஓரியன் நெபுலாவும் ஆண்ட்ரோமெடாவும் எடுக்க ஆசை. டூயல் பேண்ட் ஃபில்டர், கைடு ஸ்கோப், கைடு கேமரா, ஆஃப்-ஆக்சிஸ் கைடர் எல்லாம் சேர்த்து ஒரு செட் வாங்கச் சொல்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: செட்டாக வாங்காதீர்கள். கைடு ஸ்கோப்பும் ஆஃப்-ஆக்சிஸ் கைடரும் ஒரே வேலைக்கான இரண்டு கருவிகள்: ஒரு நட்சத்திரத்தைக் கைடு கேமராவுக்குக் காட்டி, மவுண்ட் விலகும்போதெல்லாம் திருத்த உதவுவது. இதுதான் கைடிங். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம். இரண்டையும் ஒரே பில்லில் ஏற்றுகிறவர் உங்களிடம் என்ன டெலஸ்கோப் இருக்கிறது என்றுகூடக் கேட்டிருக்க மாட்டார்.

உங்களுக்கு 30 மி.மீ. விட்டமும் 120 மி.மீ. குவியத் தூரமும் உள்ள சின்ன கைடு ஸ்கோப், கருப்பு வெள்ளை கைடு கேமரா போதும். கைடிங் செய்யும் பிஎச்டி2 மென்பொருள் இலவசம். அதை நிறுவித் தரக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்கோப்பை ஆட்டமில்லாமல் திருகி இறுக்குங்கள். அது இம்மி அசைந்தாலும் திரையில் கைடிங் கிராஃப் ஒழுங்காக ஓடும், படத்தில் நட்சத்திரம் நீண்டிருக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பின்னாளில் 8 அங்குல ஷ்மிட்-காசகிரெய்ன் என்ற ஆடி டெலஸ்கோப் வாங்கினால் கதை வேறு. அதன் குவியத் தூரம் சுமார் 2,000 மி.மீ.; பெரும்பாலானவற்றில் முதன்மை ஆடியை நகர்த்தித்தான் ஃபோகஸ் செய்கிறோம். குழாய் சாயச் சாய அந்த ஆடி மயிரிழை நழுவும். பக்கத்தில் கட்டிய கைடு ஸ்கோப்புக்கு அது தெரியவே தெரியாது. ஆஃப்-ஆக்சிஸ் கைடரின் சின்னப் பட்டகம் அதே ஆடியிலிருந்து வரும் ஒளியில் ஓரத்தைத் திருப்பி எடுப்பதால் அந்த நழுவலும் சேர்ந்து திருத்தமாகிறது. அங்கே அது அவசியம். உங்கள் ரிஃப்ராக்டருக்குத் தண்டச் செலவு.

கைடிங்குக்கு முன் மவுண்டின் அச்சை வான துருவத்தை நோக்கி வைக்க வேண்டும். அதற்கு அடையாளமான துருவ நட்சத்திரம் மதுரையில் அடிவானத்திலிருந்து சுமார் 10 பாகை உயரத்தில்தான் இருக்கும். அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைத்தால் அவ்வளவுதான். பிஎச்டி2-இல், வேறு நட்சத்திரம் விலகுவதைப் பார்த்துத் திருத்தும் டிரிஃப்ட் அலைன் வசதியால் அச்சைச் சரி செய்யுங்கள். அச்சு தப்பினால் கைடிங் இருந்தும் படத்தின் ஓரங்கள் சுழலும்.

இனி ஃபில்டர். டூயல் பேண்ட் ஃபில்டர் ஹைட்ரஜனின் 656, ஆக்சிஜனின் 501 நானோமீட்டர் ஒளியை ஒட்டிய குறுகிய பட்டைகளை மட்டும் விடும். ஓரியன் நெபுலா பெரிதும் அந்த ஒளியில்தான் மின்னுகிறது, பலன் கண்கூடு. ஆண்ட்ரோமெடா கோடானுகோடி நட்சத்திரங்களின் ஒளி. எல்லா நிறமும் அதில் உண்டு. ஃபில்டர் போட்டால் நகர வெளிச்சத்தோடு கேலக்ஸியும் வெளியே போய்விடும். நட்சத்திர ஒளியைப் பிரதிபலிக்கும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்து நீலத் தூசிக்கும் இதே கதிதான். இவற்றுக்கு இருட்டான ஊருக்குப் போவதே வழி.

'எல்லாவற்றுக்கும் ஒரே ஃபில்டர்' என்று பழைய ஒளி மாசு ஃபில்டரைத் தள்ளிவிடுவார்கள், ஏமாறாதீர்கள். அது சோடியம், பாதரச விளக்குக் காலத்துச் சரக்கு; அந்த விளக்குகளின் குறிப்பிட்ட சில நிறங்களை வெட்டுவதுதான் அதன் வேலை. ஒரு பழைய சிடியைச் சாய்த்துத் தெருவிளக்கின் பிரதிபலிப்பைப் பாருங்கள். இடையிடையே கருத்த, தனித்தனிக் கோடுகள் தெரிந்தால் அந்த ஃபில்டர் உதவும். நீலத்திலிருந்து சிவப்புவரை ஒரே பட்டையாக ஓடினால் அது எல்.இ.டி.; பெரிதாக எதுவும் வெட்டுப்படாது. மின்சாரம் மிச்சம் என்று தெருவெங்கும் எல்.இ.டி. மாட்டினார்கள், நல்லது. அதற்கு மேலே ஒரு குடை போட இத்தனை ஆண்டுகளாக யாருக்கும் மனம் வரவில்லை. வானத்துக்கு வெளிச்சம் அடித்து யாருக்கு என்ன லாபம்?

கைடிங் கைவந்த பிறகு ஓரியனுக்கென்று டூயல் பேண்ட் வாங்குங்கள். எந்த அலைநீளம் எவ்வளவு கடக்கும் என்ற வரைபடத்தைக் கேளுங்கள். காட்டாதவரிடம் வாங்க வேண்டாம். உங்கள் சென்சாருக்கு 2 அங்குல அளவுதான் சரி. மலிவு என்று 1.25 அங்குலம் வாங்கினால் படத்தின் நான்கு மூலையும் கருத்துவிடும்.